மருந்துக் கடைக் கவுன்டரில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருந்தாளுநர்களுக்கும், மருந்துக் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் ஒரு தோல் மருத்துவர். முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் க்ரீம்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். தயாரிக்கிறவர்களுக்கு எழுதலாம், விளம்பரம் எடுக்கிறவர்களுக்கு எழுதலாம், சட்டம் போடுகிறவர்களுக்கு எழுதலாம். அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உங்களுக்கு எழுத எனக்கு இருப்பது ஒரே காரணம். அந்த ட்யூப் ஒருவர் கைக்குப் போவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற கடைசி ஆள் நீங்கள்தான். அதன்பிறகு அவர் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று பூசிக்கொள்கிறார். என்னிடம் வந்து சேர மாதக்கணக்காகிறது, சிலருக்கு வருடக்கணக்காகிறது. நான் பார்க்கிறபோது தோல் கெட்டுப் போயிருக்கிறது. நீங்கள் பார்க்கிறபோது அது நன்றாக இருக்கிறது.

எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “முகம் கொஞ்சம் வெளுக்கற மாதிரி ஏதாச்சும் க்ரீம் இருக்காண்ணா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் உண்டு. வாயே திறக்காமல் போனில் ஒரு காலி ட்யூப்பின் படத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், வேலைக்கு நேர்காணல் வந்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். பெண்கள் மட்டும் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தங்கைக்கு என்று சொல்லித் தனக்கு வாங்கிப் போகிற பையன்களும் என்னிடம் வருகிறார்கள்.

நீங்கள் எடுத்துக் கொடுப்பது பல நேரங்களில் மூன்று மருந்து சேர்ந்த களிம்பு. நிறத்தைக் குறைக்கிற ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், கூடவே அழற்சியை அடக்குகிற ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 5 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்சாமெத்தசோன் மூன்றையும் கலந்து ஒரு களிம்பை வெளியிட்டார்கள். அதில் ஸ்டீராய்டு சேர்ந்ததற்கு முக்கியமான காரணம், மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்குவது. இன்றைக்கு அதன் வழிவந்த களிம்பு, முகத்தில் பழுப்புத் திட்டாகப் படரும் மங்குக்கு நல்ல மருந்து. நான் எழுதிக் கொடுக்கிறேன், பலன் தருகிறது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனை, எட்டு வாரம் வரைதான் போடலாம் என்பது. அந்தக் களிம்பில் இருந்தது ஃப்ளூசினோலோன் என்ற வலுக்குறைந்த ஸ்டீராய்டு, அதுவும் 0.01 சதவீதம். இப்போது பல ட்யூப்களில் அந்த இடத்தில் அதைவிட வலுவான மொமெட்டசோன் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் சிலர் கலப்பே வேண்டாமென்று நேராக பீட்டாமெத்தசோனையோ க்ளோபெடசாலையோ முகத்தில் போடுகிறார்கள். க்ளோபெடசால் இருப்பதிலேயே வலுவான பூச்சு ஸ்டீராய்டு. கை கால்களில் தடித்துப் போன தோல் நோய்க்கே நாங்கள் நாள் எண்ணித்தான் அதைக் கொடுக்கிறோம்.

ஸ்டீராய்டு போட்டால் முதல் இரண்டு வாரம் முகம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். இதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஏனென்றால் வாங்குகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தோலுக்கடியில் இருக்கிற சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு மறைகிறது, தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உற்பத்தி குறைகிறது, சின்னச் சின்ன அழற்சியெல்லாம் அடங்குகிறது. முகம் வழுவழுப்பாக, வெளுப்பாகத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் “என்ன, கலர் ஏறியிருக்கே!” என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் அடுத்த ட்யூப் வாங்குகிறார்.

பிறகு வருவதை நான் பார்க்கிறேன். முகத்துத் தோல் மெலிசானது. முன்கைத் தோலைவிடப் பல மடங்கு அதிகமாக மருந்தை உறிஞ்சும். மாதங்கள் போகப் போக அது இன்னும் மெலிந்து, கன்னத்தில் ரத்த நாளங்கள் சிவப்பு நூல் நூலாகத் தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும், அதுவும் ஒரே அளவில் மொத்தமாகக் கிளம்பும். பெண்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் முடி வளரும். வெயிலில் நின்றால் எரியும், அடுப்புச் சூட்டில் நின்றால் எரியும். சரி, விட்டுவிடலாம் என்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து வீங்கி, நெருப்பைக் கொட்டியது போல ஆகிவிடும். பூசினால் மட்டுமே அடங்கும். இந்த நிலைமைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று தனியாகவே பெயர் வைக்க வேண்டி வந்தது. அவ்வளவு பேர் வந்தார்கள்.

கவுன்டரிலிருந்து பார்த்தால் இதே மனிதர் உங்களுக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர். மாதம் தவறாமல் வருகிறார், அதே ட்யூப்பைக் கேட்கிறார், பேரம் பேசுவதில்லை. தயவுசெய்து அந்த மனிதரின் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். மறுபடி மறுபடி வருவதையே ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்ள முடிந்தவர் உங்களைத் தவிர வேறு யாருமில்லை.

முகத்தோடு நின்றாலும் பரவாயில்லை. உடம்பு முழுக்கப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பூசும்போது ஸ்டீராய்டு ரத்தத்துக்குப் போய்ச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டை நிறுத்திவிடும். அந்த நிலையில் பூச்சைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். கண்ணருகே வருடக்கணக்கில் போட்டவர்களுக்குக் கண் அழுத்தமும் புரையும் வருகின்றன. படர்தாமரைக்கு யாராவது இதே களிம்பைப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் உருமாறிப் பரவிக்கொண்டே போகும். படர்தாமரை உங்கள் கவுன்டரில் தினமும் வருகிற விஷயம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. வேறு பல நாடுகளிலும் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் உயிரோடிருக்க வேண்டிய இடம் உங்கள் கவுன்டர். எங்கள் பக்கமும் குறை இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். சீட்டில் களிம்பின் பெயரை எழுதிவிட்டு எத்தனை நாள் என்று எழுதாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் நாலு பேர் மூன்று வருடம் வாங்குகிறார்கள். நாள் எழுதாத சீட்டு வந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோபித்துக்கொள்கிற மருத்துவர் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பாதரசம். இது உங்கள் மருந்து அலமாரியில் இருக்காது, அழகுப் பொருள் அலமாரியில் இருக்கும், அல்லது உங்களிடம் இல்லவே இல்லாமல், வாடிக்கையாளர் வெளியில் வாங்கியதைக் கொண்டுவந்து “இது உங்ககிட்ட கிடைக்குமா?” என்று காட்டுவார். பாதரச உப்புகள் மெலனின் உண்டாவதற்கு வேண்டிய டைரோசினேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அதனால் சீக்கிரமாக வெளுக்க வைக்கின்றன. ஒரு வாரத்தில் நிறம் மாறுகிறது என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது பாதரசத்தையும் வலுவான ஸ்டீராய்டையும்தான்.

தோல் வழியாக உள்ளே போன பாதரசம் சேர்கிற இடம் சிறுநீரகம். கேரளத்தில் கோட்டக்கல்லைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருப்பீர்களா தெரியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்தவர்கள் 22 பேர். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற, பொதுவாக அரிதாகக் காணப்படும் வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். இந்த நோயில் சிறுநீரகம் ரத்தத்திலிருக்கும் புரதத்தை ஒழுகவிடுகிறது. சிறுநீர் நுரைத்துப் போகும், கால் வீங்கும், காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. அதாவது, யாராவது ஒருவர் “முகத்துக்கு என்ன போடறீங்க?” என்று கேட்டிருந்தாலே போதும்.

அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுவதில்லை தெரியுமா? மருத்துவமனையில் நாங்கள் கேட்பது “மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?” என்று. க்ரீமை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. அதனால் “இல்ல டாக்டர்” என்கிறார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். கால் வீக்கத்துக்கு மாத்திரை வாங்க உங்களிடம் வருகிற அதே பெண் போன மாதம் எந்த க்ரீம் வாங்கினாள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

2019இல் கலிஃபோர்னியாவில் நடந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. 47 வயதுப் பெண் ஒருவர் கைகளில் உணர்வு மாறி, வலுக்குறைந்து வந்தார். பிறகு பேச்சு குழறியது, பார்வை மங்கியது, நடை தள்ளாடியது, நினைவு தடுமாறிப் போனது. ரத்தத்தில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய பாதரசம் 2,620 மைக்ரோகிராம் இருந்தது. அவர் முகத்தில் பூசிவந்த க்ரீமில் 12,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 12,000 பங்கு) பாதரசம் இருந்தது; வழக்கமான உப்பு வகை கூட இல்லை, அதைவிடக் கொடிய மெத்தில் பாதரசம். மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்தும் அவருக்குப் பேச்சு திரும்பவில்லை, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக ஜனங்களின் மூளையையும் நரம்பையும் அழித்தது 1956இல் வெளிச்சத்துக்கு வந்ததே, அந்த விஷமும் இதே மெத்தில் பாதரசம்தான்.

பூசுகிறவரோடு இது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகும். துண்டில், தலையணையில், குழந்தையைத் தூக்குகிற கையில் ஒட்டியிருக்கும். 2010இல் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் இப்படிப்பட்ட க்ரீம் பயன்படுத்திய வீடுகளைச் சோதித்தபோது, க்ரீமைத் தொடாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் கூடியிருந்தது. தாய் பூசுகிறாள், பால்குடிக் குழந்தை வாங்கிக்கொள்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. மினமாட்டாவின் பெயரிலேயே ஓர் உலக உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பிபிஎம்முக்கு மேல் பாதரசம் சேர்ந்த வெளுப்பு க்ரீம்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்றது. 2023இல் ஜெனீவாவில் கூடியபோது அந்த ஒரு பிபிஎம் கணக்கும் வேண்டாம், 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆனாலும் சரக்கு வருகிறது. 2018இல் பாதரச எதிர்ப்பு அமைப்புகள் 22 நாடுகளில் 338 க்ரீம்களை வாங்கிச் சோதித்ததில் 34இல் பாதரசம் இருந்தது. குறைந்தது 93 பிபிஎம், அதிகபட்சம் 16,353 பிபிஎம். பத்தில் ஒன்று.

எந்தப் பத்தில் ஒன்று என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சில அடையாளங்கள் உண்டு. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லாத டப்பா, தயாரித்தவர் முகவரி இல்லாத டப்பா, படிக்க முடியாத மொழியில் மட்டும் அச்சடித்த டப்பா. பட்டியல் இருந்தால் கலோமல், சின்னபாரிஸ், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் ஐயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ‘தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு க்ரீம் டப்பாவில் எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. தங்கத்தோடும் வெள்ளியோடும் பாதரசம் சேர்ந்துகொள்ளும் குணமுடையது. மோதிரம் கெட்டுவிடும் என்று எச்சரிக்கத் தெரிந்தவர்கள் அதைப் பூசப்போகிற முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஹைட்ரோகுவினோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பார்வையில் சில மாதம் போட்டால் அது பயனுள்ள மருந்துதான். வருடக்கணக்கில், அதிக வலுவில், வெயிலில் திரிந்துகொண்டே போட்டால் கன்னத்து எலும்பின் மேல் நீலம் கலந்த கரும்படலமாகப் படிந்துவிடும். ஓக்ரோனோசிஸ் என்று அதற்குப் பெயர். வெளுக்கப் போட்ட க்ரீமே கறுப்பைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறது, அதுவும் எளிதில் போகாத கறுப்பு. அது க்ரீமால் வந்தது என்று தெரியாமல் அதை மறைக்க மேலும் மேலும் அதே க்ரீமைப் பூசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1975இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். அந்த நாடு 1990இல் அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்ததோடு, ‘வெளுக்க வைக்கும்’ என்று விளம்பரம் செய்வதையும் சேர்த்துத் தடுத்தது. ஐரோப்பா பிறகு அழகுசாதனங்களில் தடுத்தது. அமெரிக்காவில் 2020 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

‘ஸ்டீராய்டு இல்லாதது, பாதரசம் இல்லாதது, பெரிய கம்பெனி சரக்கு’ என்று சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஜப்பானில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். கனேபோ என்ற பெரிய நிறுவனம் ரோடோடெனால் என்ற புது வெளுப்புப் பொருள் சேர்ந்த தன் பண்டங்களை 2013 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் வெள்ளைத் திட்டுகள் வந்துவிட்டன. அனுமதி பெற்று விற்ற சரக்கு அது. நிறமியை உண்டாக்கும் செல்லையே குறிவைக்கும் ஒரு ரசாயனம் எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வெளுப்பதற்காகப் போட்டுக்கொள்ளும் க்ளுட்டாத்தயோன் ஊசி கேட்டு வந்தால் நேராகவே மறுத்துவிடுங்கள். பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே, நிறத்துக்காக அதை நரம்பில் ஏற்றுவது பாதுகாப்பானதல்ல, உயிரைப் பறிக்கக்கூடிய தோல் ஒவ்வாமைகளும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம் என்று எச்சரித்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “இப்படியிருந்தும் வாங்குகிறார்களே, புத்தி வேண்டாமா?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த இடத்தில்தான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். வாங்குகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. நிறத்துக்கு உலகம் விலை வைத்திருக்கிறது என்பது அவர்களுக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் சம்பளத்தை ஆராய்ந்த ஜோனி ஹெர்ஷ் என்ற பொருளியலாளர் 2008இல் வெளியிட்ட முடிவு இது: படிப்பு, மொழி, அனுபவம், சொந்த நாடு என்று எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்த பின்னும், மிக வெளுத்த தோலுள்ளவர்கள் மிகக் கறுத்தவர்களைவிடச் சராசரியாக 17 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை உள்ள கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். தன்னைப் போலிருக்கும் பொம்மை எது என்று அடுத்துக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். 1954இல் அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இந்த ஆய்வும் பேசப்பட்டது.

மூன்று வயதில் உள்ளே போனது முப்பது வயதில் உங்கள் கவுன்டருக்கு வருகிறது. நடுவில் இருபத்தேழு வருடமும் யாரும் பெரிதாக எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. “வெயில்ல விளையாடாதே, கறுத்துப் போயிடுவே.” “அக்கா மாதிரி நிறம் இல்ல, ஆனா களையா இருக்கா.” “இந்த கலருக்கு இந்தச் சட்டை எடுக்காது.” அன்போடுதான் சொல்லியிருப்பார்கள், அதுதான் கொடுமை. நான் பார்க்கிற நோயாளிகளில் பலருக்கு முகம் சிதைந்ததைவிட, மறுபடி பழைய நிறத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் பெரிய பயமாக இருக்கிறது. “நிறுத்தினா கறுத்துடுவேனா டாக்டர்?” இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எரிச்சல் எப்போது போகும் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள்.

2020இல் ஒரு பெரிய நிறுவனம் தன் வெளுப்பு க்ரீம்களை நிறுத்தியது, இன்னொன்று ஐம்பது வருடத்தை நெருங்கிய தன் க்ரீமின் பெயரை மாற்றியது. நல்லதுதான். அந்தப் பெயர் மாற்றத்தால் உங்களிடம் வந்து கேட்கிறவர்கள் குறைந்தார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த நெருக்கடியோடு வருகிறவரிடம் நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்த பெண்ணிடம், “முகம் டல்லா இருக்கே, புதுசா ஒரு க்ரீம் வந்திருக்கு, போட்டுப் பாருங்க” என்று சொல்கிற வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. சொன்னவர் மாலைக்குள் மறந்துவிடுவார், கேட்டவள் மறக்க மாட்டாள். மருந்து தெரிந்த ஒருவரே தன் நிறத்தை ஒரு குறையாகப் பார்த்துவிட்டார் என்று அவள் மனதில் பதிந்துவிடுகிறது. கேட்காதவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களிடம் நான் கேட்பதில் இதுதான் முதலாவது. இதற்குச் சட்டம் வேண்டாம், செலவும் இல்லை.

கேட்டு வருகிறவரைத் துரத்தவும் வேண்டாம், அறிவுரை சொல்லி வெட்கப்பட வைக்கவும் வேண்டாம். வெட்கப்பட்டவர் அடுத்த கடைக்குப் போவார், அல்லது பெயரில்லாத டப்பாவை எங்கோ தருவித்துக்கொள்வார். எதற்காகப் போடப் போகிறார் என்று கேளுங்கள். பாதிப் பேர் சொல்வது பரு வந்துபோன தழும்பு, மங்கு, வெயிலில் கறுத்த திட்டு. இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. மங்குக்குப் பாதி வைத்தியமே நல்ல சன்ஸ்க்ரீன்தான், அதிலும் இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன். கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால் அது கூடுதலாக உதவும். அதை நீங்கள் விற்கலாம், மனச்சாட்சி உறுத்தாமல் விற்கலாம். நோயெதுவும் இல்லை, பிறந்த நிறமே மாற வேண்டும் என்று கேட்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கறுத்தவர், வெளுத்தவர் எல்லாருக்கும் தோலில் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செல்கள் உண்டாக்கும் மெலனின் துகளின் அளவிலும் பரவலிலும்தான் வித்தியாசம், அது பிறப்பிலேயே எழுதப்பட்டது. எந்தக் க்ரீமும் அதை நிரந்தரமாக மாற்றாது. அந்த மெலனின்தான் வெயிலிலிருந்து அவர் தோலைக் காத்துவருகிறது. வருடக்கணக்கில் உடம்பை வெளுக்கச் செய்த பெண்களுக்கு வெயில்படும் இடங்களில் தோல் புற்றுநோய் வந்ததை செனகல் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவரிடம் எத்தனை நாளாகப் போடுகிறார் என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால், ட்யூப் கொடுக்காமல் அனுப்பும்போது ஒன்றை மறக்காமல் சொல்லியனுப்புங்கள்: திடீரென்று நிறுத்தினால் எரிந்து வீங்கும், பயப்பட வேண்டாம், தோல் மருத்துவரிடம் போனால் படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவர முடியும். இதைச் சொல்லாமல் மறுத்தால், அந்த எரிச்சலின் மூன்றாவது நாளில் அவர் வேறெங்காவது அதே ட்யூப்பை வாங்கிவிடுவார். பெயர் முகவரி இல்லாத டப்பாவைக் காட்டினால், அதை மூடி ஒரு பாலித்தீன் பையில் கட்டி மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள், சிறுநீரில் புரதமும் பாதரசமும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும். உங்கள் பகுதி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அந்த டப்பாவின் படத்தை அனுப்புங்கள்.

கைக்குழந்தைக்கு என்று கேட்டு வந்தால், வேறு எதிலும் தளர்ந்தாலும் இதில் தளராதீர்கள். எடைக்குத் தோல் பரப்பு கூடுதலாக இருப்பதால் குழந்தையின் உடம்புக்குள் பெரியவர்களைவிட அதிகமாக மருந்து போகும். எண்ணெயில் கலந்து தேய்க்க ஸ்டீராய்டு களிம்பு கேட்பார்கள், மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பார்கள். கொடுக்கவே வேண்டாம்.

“நான் கொடுக்காட்டி பக்கத்துக் கடையில வாங்கிப்பாங்க” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. வாங்கலாம். தூக்க மாத்திரைக்கும் இதே வாதத்தைச் சொல்லலாம், ஆனால் நீங்கள் சொல்வதில்லை, சீட்டைக் கேட்கிறீர்கள். அந்த மாத்திரை ஆளைக் கொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ட்யூப் என்ன செய்யும் என்பதையும் இப்போது சொல்லிவிட்டேன். வியாபாரம் குறையும் என்பதும் உண்மைதான், வாடகை கட்டுகிறவர்களிடம் அதை லேசாகப் பேச எனக்கு மனமில்லை. உங்கள் சங்கங்களில் இதைப் பேசுங்கள். ஒரு தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் சேர்ந்து சீட்டில்லாமல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் யாருக்கும் தனியாக நட்டமில்லை. அப்படி ஒரு கூட்டம் போட்டால் எங்களையும் கூப்பிடுங்கள். எந்த ட்யூப்பில் எந்த ஸ்டீராய்டு எவ்வளவு வலுவில் இருக்கிறது, எதற்கு எத்தனை நாள் என்று ஒரே தாளில் எழுதி, கவுன்டருக்குப் பின்னால் ஒட்டும்படி நாங்கள் தயாரித்துத் தருகிறோம்.

அதுவரை, நாளைக்குக் கடை திறந்ததும் முகக் களிம்புகள் அடுக்கியிருக்கும் தட்டிலிருந்து ஒவ்வொரு ட்யூப்பாக எடுத்து அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெடசால், ஃப்ளூசினோலோன் என்று இருப்பதையெல்லாம் அந்தத் தட்டிலிருந்து எடுத்து, சீட்டு பார்த்துக் கொடுக்கும் மருந்துகளோடு உள்ளே வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோல் மருத்துவர்